கட்டுவிச்சியின் சுளகு: ஒரு பழஞ்சொல்லைத் தேடிப் போவது எப்படி

முப்பது வருடம் அச்சகங்களில் மெய்ப்புத் திருத்தினேன். அந்தக் காலத்தில் செய்த தவறுகளில் பாதி மறந்துவிட்டது. ஒன்று மட்டும் மறக்கவில்லை. திருக்கோவையார் பற்றி ஒரு புலவர் எழுதிய கட்டுரைத் தொகுப்பு என் மேசைக்கு வந்திருந்தது. அதில் 'கட்டுவித்தி' என்று பதினோரு இடங்களில் இருந்தது. எனக்குத் தெரிந்த சொல் கட்டுவிச்சி. குறி சொல்கிற பெண். அச்சுக் கோத்தவர்தான் தப்பு செய்திருக்கிறார் என்று நானே தீர்மானித்து, பதினோரு இடத்திலும் 'த்தி'யை 'ச்சி' ஆக்கிவிட்டேன். சிவப்பு மை வேறு. புத்தகம் வெளியான பிறகு புலவர் நேரில் வந்தார். கத்துவார் என்று பயந்துகொண்டு நின்றேன். "என் கட்டுவித்தியை எங்கேம்மா அனுப்பிட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.

திருக்கோவையாரில் 'கட்டுவித்தி கூறல்' என்றே ஒரு துறை (பாட்டின் சூழலைச் சொல்லும் தலைப்பு) இருக்கிறது. அதற்கு முந்தியது 'கட்டுவைப்பித்தல்'. பார்க்காமலே திருத்தியிருக்கிறேன். அந்த வெட்கத்தில்தான் இந்தச் சொல்லைத் தேட ஆரம்பித்தேன். தேடிய விதத்தைக் கீழே சொல்கிறேன். வேறொரு பழஞ்சொல்லைத் தேடுகிறவர்களுக்கும் இதே வழி பயன்படும்.

அகராதியைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள்

எல்லாரும் முதலில் அகராதியைத் திறப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், செய்து கெட்டேன். 'கட்டு' என்ற சொல்லுக்கு அகராதியில் நீளமான பட்டியல் இருக்கிறது: பிணிப்பு, மூட்டை, கட்டடம், காவல், கட்டளை, புண்ணுக்குப் போடும் கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். பட்டியல் நீளமாக இருந்தால் நமக்குப் பிடித்த பொருளை எடுத்துக்கொண்டு கதை கட்டிவிடுவோம். இந்தச் சொல்லுக்கு நான் கேட்ட கதைகளும் நானே கட்டிய கதையும் சேர்த்து மூன்று.

பேயைக் கட்டுகிறவள், அதனால் கட்டுவிச்சி என்றார் ஒருவர். மந்திரக்கட்டு, வாய்க்கட்டு என்றெல்லாம் சொல்கிறோமே என்று அவர் பக்கம் நியாயமும் இருந்தது. இன்னொருவர், கட்டுக்கதை சொல்கிறவள் என்றார். அவருக்குக் குறி, ஜோசியம் எதிலுமே நம்பிக்கை கிடையாது. தன் கொள்கையைச் சொல்லுக்குள் வைத்துப் பார்த்தார், அவ்வளவுதான். மூன்றாவது என்னுடையது: பூக்கட்டிப் பார்த்தல். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு எழுந்தாலே பூக்கட்டிப் பார்த்துவிடுவார்கள். அதனால் கட்டுவிச்சி என்றால் பூக்கட்டிப் பார்க்கிறவள் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

மூன்றிலும் ஒரே ஓட்டை. பழைய பாட்டுகளில் இந்தச் சொல் யாரோடு வருகிறது, அங்கே என்ன நடக்கிறது என்று நாங்கள் யாரும் பார்க்கவே இல்லை.

இடங்களைச் சேர்ப்பது

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் இடத்துக்கு ஒரு பக்கம். சொல்லை மட்டும் எழுதாதீர்கள், அது வரும் அடி முழுவதையும் எழுதுங்கள். அடியில் நான்கு கேள்விகளுக்கு இடம் விடுங்கள்: சொல்லுக்குப் பக்கத்தில் என்ன வினை வருகிறது? கையில் என்ன பொருள் இருக்கிறது? யார் கூப்பிட்டார்கள்? சுற்றி யார் நிற்கிறார்கள்?

இரண்டு நிற மை வேண்டும். பாட்டுக்குள் இருப்பதை நீலத்தில் எழுதுங்கள். பாட்டின் கீழே பிற்காலத்தார் சேர்த்த துறைக்குறிப்பு, உரை எல்லாவற்றையும் பச்சையில் எழுதுங்கள். ஏன் இவ்வளவு கெடுபிடி என்பது போகப் போகத் தெரியும். உங்கள் ஊகங்களுக்குப் பென்சில் போதும்.

இப்போதெல்லாம் மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற இடங்களில் மூலநூல்கள் எழுத்துருவில் கிடைக்கின்றன. ஆனால் தேடுபெட்டியில் 'கட்டு' என்று தட்டிவிட்டு ஒன்றுமில்லை என்று எழுந்துவிடாதீர்கள். பாட்டில் சொல் சந்தியோடு புணர்ந்து கிடக்கும். 'கட்டின்', 'கட்டிற்', 'கட்டினும்', 'கட்டுக்', 'கட்டேறி' என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். 'கட்டிற்' போட்டால் படுக்கிற கட்டில் ஒரு பக்கம் வந்து குவியும். பொறுமையாகத் தள்ளுங்கள்.

எனக்குக் கிடைத்தவற்றில் முக்கியமான பக்கங்களை மட்டும் சொல்கிறேன்.

தொல்காப்பியத்தில், ரகசியக் காதலைப் பேசும் களவியலில், செவிலி (வளர்ப்புத்தாய்) பேசும் சூழல்களைச் சொல்லும்போது 'கட்டினும் கழங்கினும் வெறியென இருவரும்' என்று வருகிறது. காதலில் பெண் வாடிப்போனால், அது தெரியாமல் காரணம் கண்டுபிடிக்க வீட்டார் நாடும் வழிகள் கட்டும் கழங்கும் (கழற்சிக்காய்). இங்கே கட்டு ஒரு முறையின் பெயர்.

நற்றிணை 288 குளம்பனார் பாட்டு. மகளின் நெற்றியில் பசலை படர்ந்ததைப் பார்த்த தாய் என்ன செய்வாள் என்று தோழி சொல்கிறாள்: 'செம்முது பெண்டிரொடு நெல்முன் நிறீஇக் கட்டின் கேட்கும்'. வயதான பெண்கள் இருக்கிறார்கள், எதிரே நெல் இருக்கிறது, வினை 'கேட்டல்'. நாம் இன்றைக்குக் 'குறி கேட்கப் போனோம்' என்று சொல்கிறோமே, அதே கேட்டல்.

அப்புறம் திருமங்கையாழ்வாரின் சிறிய திருமடல். கண்ணனைக் கண்டு மயங்கிய பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் வீட்டார் தவிக்கும்போது, கட்டுப்படுத்திப் பாருங்கள் என்று மூத்த பெண்கள் யோசனை சொல்கிறார்கள். உடனே:

'காரார் குழல்கொண்டைக் கட்டுவிச்சி கட்டேறிச்
சீரார் சுளகில் சிலநெல் பிடித்தெறியா
வேரா விதிர்விதிரா மெய்சிலிராக் கைமோவா'

இந்த அடிகளைப் படித்த அன்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். காரணம், 'சுளகு'. நான் தென்காசிப் பக்கம். எங்களுக்கு அது சுளகுதான். சென்னைக்கு வந்த பிறகு முறம் என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். ஆச்சி சுளகில் நெல்லைப் போட்டு நாவிப் புடைக்கும் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. தம்பிக்குக் காய்ச்சல் இறங்காத ஒரு வாரத்தில், "ஏட்டி, ஒரு கை அரிசி அள்ளிட்டு வா" என்று என்னையும் கூட்டிக்கொண்டு அடுத்த தெருவில் குறி பார்க்கும் ஓர் அம்மாவிடம் போனாள். அந்த அம்மா அரிசியைச் சுளகில் பரப்பி, ஒரு சிட்டிகை கிள்ளி எடுத்து, இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணினார். ஒற்றையா இரட்டையா என்பதுதான் பதில். ஆழ்வார் பாட்டில் இருந்த சுளகு எனக்கு அந்தச் சுளகாகவே தெரிந்தது. இதெல்லாம் சான்று ஆகாது. பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

வினையைப் பாருங்கள்

நோட்டில் இப்போது 'கட்டு'க்குப் பக்கத்தில் வந்த வினைகளை மட்டும் எடுத்து வரிசையாக எழுதினேன். கட்டின் கேட்டல் (நற்றிணை), கட்டுக் காணுதல் (குறுந்தொகைத் துறைக்குறிப்பு, பச்சை மை), கட்டுப்படுத்தல், கட்டு ஏறுதல் (இரண்டும் திருமடல்), கட்டு வைப்பித்தல் (திருக்கோவையார்).

யாரும் எதையும் கட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். கயிறு இல்லை, பொட்டலம் இல்லை, பேயும் இல்லை. கட்டு இங்கே பெயர்ச்சொல். அதைக் கேட்கலாம், காணலாம், வைக்கச் சொல்லலாம். என் பூக்கட்டுக் கதை இந்த இடத்தில் செத்தது. பூக்கட்டிப் பார்ப்பதில் 'கட்டி' வினையெச்சம். அது வேறு குடும்பம்.

'கட்டுப்படுத்தல்' ஒரு நல்ல பொறி. இன்றைய தமிழில் அடக்கி வைத்தல் என்று பொருள். அந்த நினைப்போடு திருமடலைப் படித்தால், பெண்ணை அடக்கி வையுங்கள் என்று மூத்த பெண்கள் சொல்வதாகத் தோன்றும். ஒரு மேடையில் ஒருவர் அப்படியே விளக்கம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதிலிருந்து தப்பிக்க ஒரு வழி உண்டு: அதே வினை பக்கத்துச் சொல்லோடு எப்படி வருகிறது என்று பார்ப்பது. ஐங்குறுநூறு 249-இல் வேலன் (முருகன் பூசாரி) மணல் பரப்பில் 'கழங்குபடுத்து' முருகு, அதாவது முருகன் பிடித்திருக்கிறான், என்று சொல்கிறான். கழங்கை உருட்டிக் குறி பார்ப்பது கழங்குபடுத்தல். அப்படியென்றால் கட்டுப்படுத்தல் என்பது கட்டு என்ற முறையில் குறி பார்க்கச் செய்வது. தொல்காப்பியம் 'கட்டினும் கழங்கினும்' என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னதை இதோடு வைத்துப் பாருங்கள். ஜோடி சரியாகப் பொருந்துகிறது.

செய்தும் பாருங்கள்

கட்டு என்றால் கையால் என்ன செய்வார்கள்? 1915-இல் வெளிவந்த நற்றிணைப் பதிப்பில் பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் இதை விளக்கியிருக்கிறார். முறத்தில் பிடி நெல் இட்டு, பெண்ணை எதிரே நிறுத்தி, தெய்வத்தை வேண்டிக்கொண்டு நெல்லை நான்கு நான்காக எண்ணுவது. கடைசியில் எஞ்சுவது ஒன்றோ இரண்டோ மூன்றோ ஆனால் முருகு அணங்கியது என்று பொருள். நான்கு ஆனால் வேறு நோய்.

படித்துவிட்டுச் சுளகை எடுத்தேன். கைக்கு வந்த நெல்லை அள்ளி எண்ணினேன். எஞ்சியது இரண்டு. மறுபடியும் அள்ளினேன், ஒன்று. அடுத்து மூன்று. ஐந்தாவது தடவைதான் நான்கு வந்தது. அப்போதுதான் உறைத்தது: நான்கு வழியில் மூன்று வழி முருகனுக்கே போகிறது! கைப்பிடியில் எத்தனை நெல் வரும் என்பது யாருக்கும் தெரியாது என்றால், நான்கில் மூன்று தடவை பதில் 'முருகு' என்றுதான் வரும். அப்படியானால் அடுத்த வேலை வேலனைக் கூப்பிட்டு வெறியாடுவது, அதாவது முருகனுக்குச் சாமியாட வைப்பது. அகப்பாடல்களில் தாய்மார்கள் ஏன் இப்படி ஓயாமல் வேலனைக் கூப்பிடுகிறார்கள், தோழிகள் ஏன் அதற்கு முன்பே பதறுகிறார்கள் என்று எனக்கு அன்றுதான் சிரிப்போடு விளங்கியது. சொல்லின் பொருளைத் தேடும்போது அந்தச் செயலை ஒரு தடவை செய்து பார்ப்பது வெறும் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் தெரிந்தது. நற்றிணையில் நெல் எதிரே இருக்க, பதில் கேட்கிறார்கள். பதற்றம் இல்லாத காரியம் அது. திருமடலில் கட்டுவிச்சி நெல்லைப் பிடித்து எறிகிறாள், வியர்க்கிறாள், நடுங்குகிறாள், மயிர் சிலிர்க்கிறாள். 'கட்டேறி' என்கிறார் ஆழ்வார். சாமி ஏறியது என்போமே, அந்த ஏறுதல். அதே சுளகு, அதே நெல். ஆனால் இடையில் எங்கேயோ கட்டு எண்ணிக்கையை விட்டு ஆவேசத்துக்கு நகர்ந்திருக்கிறது. அகராதியில் ஒரே வரியில் 'குறிசொல்பவள்' என்று போட்டால் இந்த நகர்வு மறைந்துபோகும்.

பிரித்துப் பார்ப்பது

இலக்கணத்தை இந்த இடத்துக்கு வந்த பிறகு எடுங்கள், அதற்கு முன் வேண்டாம். கட்டு பெயர்ச்சொல் என்று தெரிந்துவிட்டது. மீதி 'விச்சி'. இது என்ன?

முதலில் தோன்றுவது: 'இச்சி' பெண்பால் விகுதி, நடுவில் வ் உடம்படுமெய். கட்டு + வ் + இச்சி. பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் நிற்காது. 'கட்டு' குற்றியலுகரத்தில் முடிகிற சொல். 'உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்' என்கிறது நன்னூல். கட்டோடு இச்சி சேர்ந்தால் 'கட்டிச்சி' என்று ஆகுமே தவிர, நடுவில் வ் வர வழியில்லை. சந்தேகம் இருந்தால் அதே திருமடல் அடியையே பாருங்கள். கட்டு + ஏறி, கட்டேறி. உகரம் ஓடிவிட்டது. பக்கத்துச் சொல்லான கட்டுவிச்சியில் உகரம் அப்படியே நிற்கிறது. ஆகவே வகரம் பின்னால் வரும் பகுதியின் சொந்த எழுத்து.

அடுத்தது, 'கட்டுவி' என்ற பிறவினையிலிருந்து வந்ததா? கட்டச் செய்கிறவள் என்று பொருள் வரும். ஆனால் குறி பார்க்கச் செய்கிறவள் தாய். அதைத்தான் திருக்கோவையார் 'கட்டுவைப்பித்தல்' என்கிறது. கட்டுவித்தி பதில் கூறுகிறவள். பிறவினைப் பொருள் அவளுக்குப் பொருந்தவில்லை.

இனி என் பதினோரு இடத்துப் பாவம். வித்தி, விச்சி இரண்டும் ஒன்றா? ஒன்றுதான். இகரத்துக்குப் பின்னால் வரும் 'த்த' பேச்சில் 'ச்ச' ஆவதை நாம் தினமும் செய்கிறோம். அடித்து அடிச்சு ஆகிறது, சிரித்தான் சிரிச்சான் ஆகிறான். ஐகாரத்துக்குப் பின்னாலும் அப்படியே, நினைத்து நினைச்சு. வித்தி விச்சி ஆனதும் இதே ஓட்டம். வித்தை என்ற சொல்லுக்கு விச்சை என்று ஒரு வடிவம் உண்டு. நாலடியார் 'எச்சம் எனஒருவன் மக்கட்குச் செய்வன விச்சைமற் றல்ல பிற' என்கிறது. த்த, ச்ச இரண்டும் நூல்களில் அக்கம்பக்கமாகவே வாழ்ந்திருக்கின்றன. ஆகவே இரண்டில் எதையும் 'திருத்த' யாருக்கும் உரிமை இல்லை. எனக்கு முக்கியமாக இல்லை.

கட்டு வித்தை தெரிந்தவள் கட்டுவித்தி என்று இரண்டாம் பகுதியை வித்தையோடு சேர்க்கவே எனக்கு மனம் சாய்கிறது. மேலே சொன்ன இரண்டு வழிகளையும்விட இது பொருளுக்கு நெருக்கமாக இருக்கிறது. என் நோட்டில் இதைப் பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன். பென்சில் வரியை மேடையில் பேனா வரி போலப் பேசினால் அடுத்த வருடம் அது எங்கேயாவது அச்சில் 'உண்மை'யாக வந்து நிற்கும். மெய்ப்புத் திருத்தியவளுக்கு அந்த வியாபாரம் நன்றாகத் தெரியும்.

பக்கத்து வீட்டுப் பெண்கள்

ஒரு சொல்லை அதே வேலை செய்யும் மற்றச் சொற்களோடு வைத்துப் பார்த்தால்தான் அதன் முகம் தெளிவாகும். இந்தச் சொல்லுக்கு நல்ல அக்கம்பக்கம் உண்டு. அதில் எனக்குப் பிடித்தவள் அகவன் மகள். குறுந்தொகை 23, ஔவையார் பாட்டு. ஐந்தே அடிதான்:

'அகவன் மகளே அகவன் மகளே
மனவுக்கோப் பன்ன நன்னெடுங் கூந்தல்
அகவன் மகளே பாடுக பாட்டே
இன்னும் பாடுக பாட்டே அவர்
நன்னெடுங் குன்றம் பாடிய பாட்டே'

மகளுக்கு என்ன நோய் என்று தெரியாமல் வீட்டார் அகவன் மகளை அழைத்திருக்கிறார்கள். அவள் பாடிக்கொண்டு வருகிறாள். பாட்டில் ஒரு மலை வருகிறது. தோழி சட்டென்று, இன்னொரு தடவை பாடு, அவர் மலையைப் பாடினாயே அந்தப் பாட்டைப் பாடு என்கிறாள். 'அவர்' என்ற ஒரு சொல்லில் விஷயம் தாய்க்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இந்தப் பாட்டில் நெல் எங்கே? இல்லை. கட்டு எங்கே? அதுவும் இல்லை. 'கட்டுக் காணிய நின்றவிடத்துத் தோழி அறத்தொடு நின்றது' என்ற துறைக்குறிப்பில்தான் கட்டு வருகிறது (அறத்தொடு நிற்பது என்றால் காதலை வீட்டாருக்கு வெளிப்படுத்துவது). பச்சை மை ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். அகவன் மகள் என்றால் கட்டுவிச்சி என்று உரைகளில் பொருள் தருகிறார்கள். இந்தப் பாட்டின் சூழலுக்கு அது பொருந்துகிறது. ஆனால் அந்தச் சொல்லே கட்டுவிச்சி என்று சொல்வது வேறு விஷயம். அகவுதல் என்றால் அழைத்தல். மயில் அகவுகிறது, ஆசிரியப்பாவின் ஓசை அகவல். இவள் குரலால் பெயர் பெற்றவள், கட்டுவிச்சி செய்யும் காரியத்தால் பெயர் பெற்றவள்.

குறுந்தொகையிலேயே 298-ஆம் பாட்டைச் சேர்த்துப் படித்தால் இது உறுதியாகும். பரணர் பாட்டு. 'வெண்கடைச் சிறுகோல் அகவன் மகளிர் மடப்பிடிப் பரிசில்' என்கிறது. வெள்ளை நுனிக் கோல் வைத்திருக்கும் அகவன் மகளிர் அகுதையின் தந்தையிடம் பெண்யானையைப் பரிசாகப் பெறுகிறார்கள். யாருக்கும் காய்ச்சல் இல்லை, குறியும் பார்க்கவில்லை. பாடிப் பரிசு வாங்குகிற கலைஞர்கள். அகவன் மகள் என்றால் குறிகாரி என்று மட்டும் எழுதி வைத்தவர்களால் இந்த யானையை எங்கேயும் கட்ட முடியாது.

இன்னொரு சின்ன விஷயம். மனவு என்றால் சங்குமணி. சங்குமணி கோத்தது போன்ற கூந்தல், அதாவது நரைத்த கூந்தல். நற்றிணையில் 'செம்முது பெண்டிர்'. முல்லைப்பாட்டில் நாழி நெல்லும் முல்லைப் பூவும் கொண்டுபோய் விரிச்சி கேட்டு நிற்பவர்களும் 'பெருமுது பெண்டிர்'. எல்லாரும் கிழவிகள். திருமடலுக்கு வந்தால் கட்டுவிச்சிக்குக் 'காரார் குழல்கொண்டை'. கறுத்த மயிர்! எப்போது, எப்படி இளமை வந்தது என்று தனியாக ஒரு பக்கம் போட்டு வைத்திருக்கிறேன்.

விரிச்சியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 'ச்சி' என்று முடிவதைப் பார்த்து, கட்டுவிச்சி மாதிரி இவளும் ஒரு பெண் என்று பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். நான் சேர்த்தேன். விரிச்சி ஆள் இல்லை, தற்செயலாகக் காதில் விழும் சொல். முல்லைப்பாட்டில் அந்த முதியவர்கள் காத்து நிற்கும்போது, ஓர் இடைப்பெண் பசித்த கன்றிடம் 'இன்னே வருகுவர் தாயர்' என்று சொல்வது கேட்கிறது. தலைவன் வந்துவிடுவான் என்பதற்கு அதுவே குறி. விகுதியைப் பார்த்து ஆண், பெண் தீர்மானிப்பது ஆபத்து.

சாலினி சிலப்பதிகாரத்தில் வேட்டுவ வரியில் வருகிறாள். 'தெய்வம் உற்று மெய்ம்மயிர் நிறுத்து' ஆடி, கண்ணகியைக் 'கொங்கச் செல்வி குடமலை யாட்டி' என்று புகழ்கிறாள். அவள் கையில் நெல்லும் சுளகும் இல்லை. இது சாமியாட்டம். கட்டோடு சேர்க்காதீர்கள்.

குறத்தியை எல்லாருக்கும் தெரியும் என்பதால் நீட்டவில்லை. ஒன்று மட்டும்: திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் சிங்கி வசந்தவல்லியின் கையைப் பார்த்துத்தான் குறி சொல்கிறாள். ஆனாலும் அதற்கு முன்னால் தரை மெழுகு, கோலமிடு, நிறைநாழி அளந்து வை என்று அடுக்குகிறாள். நெல் குறியைச் சொல்லும் வேலையை விட்டுவிட்டு மங்கலப் பொருளாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆனால் அறையை விட்டுப் போகவில்லை.

இனி அகராதியைத் திறக்கலாம்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் ஆறு தொகுதிகளாக 1924 முதல் 1936 வரை வந்தது. 1939-இல் பின்னிணைப்பு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இணையத்திலேயே தேடலாம். அதில் பொருளைவிட, பொருளுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் நூல் சுருக்கத்தைப் பாருங்கள். எந்த நூலில் எந்த இடம் என்று அது சொல்லும். அந்த இடத்தைத் தேடிப் போய் உங்கள் நோட்டில் ஒரு பக்கம் கூட்டுங்கள். அகராதி சொல்லும் இடமும் நீங்கள் சேர்த்த இடமும் ஒன்றாக இருந்தால் நிம்மதி. வேறாக இருந்தால் இன்னும் நல்லது, வேலை மிச்சம் இருக்கிறது.

மற்றத் திராவிட மொழிகளில் உறவு தேட பர்ரோவும் எமனோவும் தொகுத்த சொற்பிறப்பு அகராதி உண்டு. 1961-இல் முதல் பதிப்பு, 1984-இல் திருத்திய இரண்டாம் பதிப்பு. இதுவும் அதே தளத்தில் இருக்கிறது. ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக மட்டும் எதையும் எடுக்காதீர்கள். அந்த மொழியிலும் அந்தச் சொல் சுளகோடும் நெல்லோடும் நிற்கிறதா என்று கேளுங்கள்.

முதல் தடவை கட்டுவிச்சியிலேயே தொடங்க வேண்டியதில்லை. தேவராட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியபுராணத்தில் கண்ணப்பர் கதையில், திண்ணனார் முதல் வேட்டைக்குப் போகும் முன் நாகன் அவளை வரவழைக்கிறான். அந்தப் பாட்டுகளை நீல மையில் எழுதுங்கள். அவள் கையில் என்ன இருக்கிறது, என்ன கேட்கிறாள், என்ன கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். சிலப்பதிகார உரையில் சாலினிக்குத் தேவராட்டி என்று பொருள் போட்டிருப்பதைப் பச்சையில் எழுதிவிட்டு, இரண்டு பெண்களும் ஒரே வேலைதான் செய்கிறார்களா என்று ஒப்பிடுங்கள். இரண்டு மாலை நேரம் போதும். சுளகு தேவைப்படாது என்று நினைக்கிறேன்.